காயப்போட்ட நட்சத்திரம்

அத்தியாயம் 14

நிலவறைச் சாவி கைக்கு வந்து ஐந்து நாள் ஆகியிருந்தது. இம்கே அதைக் கயிறு கட்டிக் கழுத்தில் மாட்டியிருந்தாள். தூங்கும்போதுகூடக் கழற்றவில்லை.

சாவியைக் கொடுத்தபோது மாமியார் ரோஸ்விதா பெரிதாக ஒன்றும் பேசிவிடவில்லை. "வர்ற வெள்ளி இல்ல, அதுக்கடுத்த வெள்ளிக்கிழமை நம்ம முறை. இந்தத் தடவை நீ பாத்துக்கோ. எனக்குக் கால் வலிக்குது" என்றாள், அவ்வளவுதான். இருபத்தொன்பது வருடமாக வலிக்காத கால் அது. வடக்கே பிரேமனிலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்து ஏழே மாதம் ஆன மருமகளுக்கு வீட்டைக் கொடுக்கிறேன் என்று வாயால் சொல்ல ரோஸ்விதாவுக்கு வராது. அதனால் கால் வலித்தது.

ஃபால்கன்ராய்ட் ஊரில் பீர் காய்ச்சும் உரிமை உள்ள வீடுகள் ஐந்தே ஐந்து. ஊர்ப் பொதுக் கொப்பரையில் விறகு வைத்துக் காய்ச்சி, அவரவர் நிலவறையில் ஊறவிட்டு, முறை வரும்போது அவரவர் முன்கூடத்தையே ஊருக்குத் திறந்துவிடுவார்கள். முறை என்பது வெள்ளி, சனி, ஞாயிறு. அந்த மூன்று நாளும் வீட்டு முகப்பில் ஒரு கம்பு நீட்டி, அதில் ஆறுமுனை நட்சத்திரம் தொங்கும். நட்சத்திரம் தொங்கினால் கதவைத் தட்ட வேண்டியதில்லை. குழந்தை குட்டியோடு உள்ளே வந்து, இடம் இருக்கிற பலகையில் நெருக்கிக்கொண்டு உட்கார்ந்துவிடலாம். அப்படி வந்து உட்கார்ந்தவரை எழுந்து போகச் சொன்ன வீடு இதுவரை அந்த ஊரில் இல்லை.

முறை தவறி நட்சத்திரம் மாட்டிய வீடும் இல்லை. மாட்டினால் ஒரு வருடத்துக்கு அந்த வீடு திறக்கக்கூடாது. ஐந்து வீடும் கூடிப் பேசும். யாருடைய முறையில் கைவைத்தார்களோ, அந்த வீட்டின் சொல்தான் கடைசிச் சொல்.

இந்த வாரம் ட்ரௌடியின் முறை.

ட்ரௌடி வேறு யாருமில்லை, ரோஸ்விதாவின் கூடப்பிறந்த தங்கை. கடைத்தெருவுக்கு அந்தப் பக்கம், கூப்பிட்டால் கேட்கிற தூரத்தில் வாழ்க்கைப்பட்டவள். ஒன்பது வருடமாக இருவருக்கும் பேச்சுவார்த்தை இல்லை. தேவாலயத்தில் ஒரே பலகையின் இரண்டு கோடியில் உட்காருவார்கள். ஏன் என்று இம்கே கேட்காத ஆளில்லை. "அது பழைய கதை" என்று கணவன் வெண்டலின் உட்பட எல்லோரும் நழுவிவிட்டார்கள்.

இந்த வெள்ளிக்கிழமை மதியம் ரோஸ்விதா தலைமுடி வெட்டிக்கொள்ளப் பக்கத்து ஊருக்குப் போயிருந்தாள். வெண்டலின் தச்சுப் பட்டறையில். வீட்டில் இம்கே மட்டும். அடுத்த வாரத்துக்கு முன்னேற்பாடாக நட்சத்திரத்துக்குப் பெயிண்ட் அடிக்கலாம் என்று அவளுக்குத் தோன்றியது. பச்சை ஓரம், நடுவில் பொன்னிறம். நன்றாகத்தான் வந்தது.

எங்கே காயவைப்பது? கொட்டகையில் வைத்தால் மரத்தூள் ஒட்டும். சமையலறையில் பூனை. முற்றம் நேற்றைய மழையில் ஈரம். இம்கே ஏணியை எடுத்து வந்து, முகப்புக் கம்பிலேயே மாட்டிவிட்டாள். நல்ல காற்று. இரண்டு மணி நேரத்தில் காய்ந்துவிடும்.

நட்சத்திரம் தொங்கினால் வீடு திறந்திருக்கிறது என்று அவளுக்குத் தெரியாமல் இல்லை. ஆனால் சட்டையைக் கொடியில் போட்டால் துணிக்கடை திறந்துவிட்டதாக யாராவது நினைப்பார்களா? அப்படித்தான் இருந்தது அவள் நினைப்பு. பெயிண்ட் நாற்றம் போகத் தலைக்குக் குளிக்க மாடிக்குப் போனாள்.

ஈரத் தலையோடு இறங்கி வந்தபோது முன்கூடத்தில் பதினோரு பேர் உட்கார்ந்திருந்தார்கள்.

ஓய்வு பெற்ற தபால்காரர் அலோயிஸ், சன்னலோரம், தன் வழக்கமான இடத்தில். நடுப்பலகையில் மார்லீஸ், அவள் கணவன், மூன்று பிள்ளைகள். சின்னவள் அலமாரியைத் திறந்து கிளாஸ்களை எடுத்துக்கொண்டிருந்தாள்.

"வாம்மா வடக்கத்தி!" என்றார் அலோயிஸ். "தலையத் தொவட்டிட்டு வா, சளி புடிச்சுக்கும். எங்களுக்கு ஒண்ணும் அவசரமில்ல. ரெண்டு நிமிஷத்துல பீர் வந்தாப் போதும்."

"நீங்கல்லாம்... எப்படி உள்ள..."

"நட்சத்திரம் தொங்குதே."

"ட்ரௌடி வீட்டுலயும் தொங்குது" என்றாள் மார்லீஸ். "இங்கயும் தொங்கவும், என்னமோ விசேஷம்னு நெனச்சோம். ஏதாவது நல்ல சேதியா?" என்று இம்கேயின் வயிற்றைப் பார்த்தாள்.

"ஒரு சேதியும் இல்ல! பெயிண்ட் அடிச்சேன். காயப்போட்டேன்."

அலோயிஸ் சிரிக்க ஆரம்பித்தார். சிரிப்பு இருமலாகி, மார்லீஸின் கணவன் முதுகில் தட்டவேண்டி வந்தது.

"காயப்போட்டியா! நட்சத்திரத்தையா! அறுபத்தஞ்சு வருஷமா நான் இந்த நட்சத்திரத்தப் பாத்துட்டிருக்கேன், அதை யாரும் துணி மாதிரி காயப்போட்டு நான் பாத்ததில்ல."

"இப்பவே எறக்கிடறேன்."

"எறக்கு, எறக்கு. அப்பவும் நான் எந்திரிக்க மாட்டேன்" என்றார் அலோயிஸ். அவர் சொன்னது உண்மை. யாரும் எழுந்திருக்கவில்லை. அதற்குள் இன்னும் நான்கு பேர் வந்து, செருப்பு மண்ணைத் தட்டிவிட்டு, வணக்கம் சொல்லி உட்கார்ந்தார்கள்.

வந்தவரை அனுப்பக்கூடாது. இம்கே கழுத்துச் சாவியைப் பிடித்துக்கொண்டு நிலவறைக்கு இறங்கினாள். அங்கே இருந்தது அடுத்த வாரத்துக்கான பீர். அவளுடைய முதல் முறைக்கான பீர். குழாயைத் திறந்தாள்.

மூன்றேகாலுக்கு வெண்டலின் பட்டறை ஆட்கள் இரண்டு பேரோடு உள்ளே வந்தான். தன் வீட்டுக்கே விருந்தாளி போலத் தொப்பியைக் கழற்றினான்.

"என்ன இம்கே, முறை மாத்திக்கிட்டோமா? அம்மா என்கிட்ட சொல்லவே இல்லையே! எனக்கு ஒண்ணு, இவங்களுக்கு ரெண்டு."

இம்கே அவனைப் பார்த்த பார்வையில் அவன் தொப்பியை மறுபடி மாட்டிக்கொண்டு, தானே தட்டை எடுத்துப் பரிமாறத் தொடங்கினான்.

மூன்றரைக்கு ரோஸ்விதா வந்தாள். வாசலிலேயே நின்றுவிட்டாள். முடி புதுசாக வெட்டிச் சுருட்டி அழகாக இருந்தது. முகத்தில் மட்டும் ரத்தமே இல்லை.

"யாரு மாட்டினது?"

"நான்தான் அத்தை. பெயிண்ட் காயறதுக்கு மாட்டினேன். சத்தியமா வேற எதுக்கும் இல்ல."

திட்டுவாள் என்று இம்கே எதிர்பார்த்தாள். ரோஸ்விதா திட்டினால் தெருக்கோடி வரை கேட்கும். ஆனால் அவள் மருமகளைப் பார்க்கவே இல்லை. சன்னல் வழியாகத் தெருவுக்கு எதிர்ப்புறம், ட்ரௌடி வீட்டு முகப்பில் தொங்கிய நட்சத்திரத்தைப் பார்த்தாள்.

"எறக்கிடட்டுமா அத்தை?"

"உள்ள ஆள் உக்காந்திருக்கும்போது எறக்குவாங்களா? கடைசி ஆள் சாப்பிட்டு எந்திரிக்கிற வரைக்கும் அது தொங்கித்தான் ஆகணும்." பிறகு சமையலறையை நோக்கி நடந்தாள். "திங்க என்ன இருக்கு?"

பதினோரு முட்டை. ஒரு ஜாடி ஊறுகாய் வெள்ளரி. முக்கால் ரொட்டி. கூடத்தில் அப்போது முப்பத்து நான்கு பேர். மார்லீஸின் சின்னவள் வெள்ளரிக்காயை மூன்றாவது முறையாகக் கேட்டுவிட்டாள்.

"அத்தை, நான் ட்ரௌடி சித்தி வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டுட்டு வந்துடறேன். தப்பு என்னோடது."

"போகாதே."

"ஏன்?"

ரோஸ்விதா முட்டையை வேகவைக்கப் பாத்திரம் தேடினாள். பாத்திரம் கண்ணெதிரே இருந்தது. மாமியார் பதில் சொல்லாததைச் சம்மதம் என்று எடுத்துக்கொள்வது அந்த ஊர் வழக்கமில்லை, பிரேமன் வழக்கம் போலிருக்கிறது. இம்கே பின்வாசல் வழியாகப் போய்விட்டாள்.

ட்ரௌடியின் முன்கூடத்தில் ஆறு பேர் இருந்தார்கள். முறை தொடங்கும் வெள்ளிக்கிழமை, இந்த நேரத்துக்கு அங்கே நிற்க இடம் இருக்காது. ஆறு பேரும் சன்னல் வழியாக எதிர்வீட்டு நட்சத்திரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இம்கே நுழைந்ததும் ஆறு பேரும் தங்கள் கிளாஸைப் பார்த்தார்கள்.

ட்ரௌடி சமையலறையில் நின்றாள். அக்காவைவிடக் குள்ளம், அக்காவைவிடப் பருமன், அதே மூக்கு. கையில் நீளக் கரண்டி.

"சித்தி, நான் இம்கே."

"தெரியும். ஏழு மாசமா உன்னை சன்னல்ல பாக்கறேன். எத்தனை பேரு அங்க?"

"முப்பத்தி நாலு."

"சாப்பிட என்ன போட்ட?"

"ஊறுகா வெள்ளரி."

ட்ரௌடியின் வாயோரம் ஒரு கணம் துடித்தது. சிரிப்பா என்று தெரிவதற்குள் அடங்கிவிட்டது.

"மாட்டினது நான்தான். பெயிண்ட் காயறதுக்கு. அத்தைக்குத் தெரியவே தெரியாது."

"உன் கைதான்னு எனக்குத் தெரியாதா? உங்க அத்தை ஏணி ஏற மாட்டா. கால் வலியாமே." எதிர்வீட்டில் நடக்கிற எதுவும் இந்த வீட்டுக்கு வந்து சேராமல் போவதில்லை. "ஆனா வீடு யாரு வீடு? அதைச் சொல்லு."

"எங்க வீடுதான்" என்றாள் இம்கே.

"இங்க வா." ட்ரௌடி அடுப்பில் இருந்த பெரிய பானையின் மூடியைத் திறந்தாள். உருளைக்கிழங்கு சூப். காய்ந்த காளான் வாசம் குப்பென்று எழுந்தது. "எங்கப்பாவுக்கு இது உசுரு. என் முறை வந்தா முதல் நாள் இதுதான், வேற எதுவும் வெக்க மாட்டேன். இதே பானை. ஒன்பது வருஷத்துக்கு முன்னாடியும் இதே பானை."

"அன்னிக்கு என்ன நடந்துச்சு?"

ட்ரௌடி அவளை ஏற இறங்கப் பார்த்தாள். "உனக்கு யாரும் சொல்லலையா?"

"பழைய கதைன்னாங்க."

"பழைய கதைதான். அப்பா செத்து மூணாம் நாள் அடக்கம். அது என் முறை. என் நட்சத்திரம் தொங்குது. இந்த ஊர்ல சாவுச் சாப்பாடு எங்க போடுவாங்க? நட்சத்திரம் தொங்குற வீட்டுல. நூத்திப் பத்து பேருக்குச் சமைச்சேன். கல்லறையிலேர்ந்து நான் மட்டும் முன்னாடி ஓடி வந்து, கரண்டியும் கையுமா வாசல்ல நிக்கறேன். கூட்டம் எறங்கி வருது. முன்னாடி உங்க அத்தை வரா. தெருவுல நின்னா. அந்தப் பக்கம் திரும்பினா. அவ்வளவு பேரும் அவ பின்னாடியே அவ வீட்டுக்குள்ள போயிட்டாங்க."

அடுப்பில் விறகு வெடித்துச் சத்தம் போட்டது.

"அன்னிக்கு அவ நட்சத்திரம் மாட்டல. அது ஒண்ணுதான் பாக்கி இருந்துச்சு. இன்னிக்கு அதுவும் ஆச்சு."

"சித்தி, நீங்க சமைக்கறதை அத்தைகிட்ட சொன்னீங்களா?"

"எதுக்குச் சொல்லணும்? நட்சத்திரம் தொங்குச்சே!"

இம்கே வாசல் வரை வந்துவிட்டாள். பின்னாலிருந்து ட்ரௌடியின் குரல் வந்தது. "முட்டைய ரொம்ப வேகவிடாம பாத்துக்கோ. உங்க அத்தை கல்லு மாதிரி ஆக்கிடுவா."

வீடு திரும்பியபோது ரோஸ்விதா முட்டைகளை உரித்து நறுக்கிக்கொண்டிருந்தாள். மஞ்சள் கரு ஓரம் பச்சையாகியிருந்தது. இம்கே அவளுக்கு எதிரே உட்கார்ந்தாள்.

"நூத்திப் பத்து பேருக்குச் சமைச்சாங்களாம்."

கத்தி நின்றது.

"தெரியும்" என்றாள் ரோஸ்விதா. "மறுநாள் ஓட்மார் அதைப் பன்னிங்களுக்குக் கொட்டினான். வாளி வாளியா. இதோ இந்த சன்னல்லேர்ந்து பாத்தேன்." ஓட்மார் ட்ரௌடியின் கணவன்.

"முன்னாடியே தெரியாதா?"

"அவ சமைப்பான்னு எனக்குத் தோணவே இல்ல. நாலு வருஷம் அப்பாவை நான் பாத்துக்கிட்டேன் இம்கே. தூக்கி உக்கார வெச்சு, துடைச்சு, ஊட்டி... முன்கூடத்துல அலோயிஸ் உக்காந்திருக்கானே, அங்கதான் கட்டில். அவர் கெடந்த எடத்துலயே ஊருக்குச் சோறு போடணும்னு நெனச்சேன். நட்சத்திரத்தப் பத்தி எனக்கு அன்னிக்கு நெனப்பே இல்ல. அது தப்பா?"

"அது தப்பில்ல அத்தை. தெரிஞ்ச அப்புறமும் போய்ச் சொல்லாம இருந்தீங்களே, அது தப்பு."

அந்த வீட்டில் ரோஸ்விதாவிடம் இப்படி யாரும் பேசியதில்லை. செத்துப்போன புருஷன் பேசியதில்லை, பிள்ளை பேசியதில்லை. வாசற்படியில் பீர்த் தட்டோடு நின்ற வெண்டலின் அப்படியே பின்னால் நகர்ந்து மறைந்தான்.

ரோஸ்விதா கத்தியைக் கீழே வைத்தாள்.

"முதல் நாள் வெக்கமா இருந்துச்சு" என்றாள், மெதுவாக. "ரெண்டாம் நாள் போகலாம்னு கெளம்பினேன். தெருவுல என்னைப் பாத்து மூஞ்சியத் திருப்பிக்கிட்டா. எனக்குக் கோவம் வந்துடுச்சு. அப்புறம் அதுவே பழகிப்போச்சு."

"அந்த சூப்பு வாசம் அந்த வீடு பூரா அடிக்குது" என்றாள் இம்கே. "அங்க ஆறே ஆறு பேருதான் இருக்காங்க. சித்தி பானை நெறையச் சமைச்சு வெச்சிருக்காங்க. இன்னிக்கும்."

தான் எதைச் செய்துவைத்திருக்கிறோம் என்று இப்போதுதான் அவளுக்கே முழுசாக உறைத்தது. ஒரு வருட முறை போனால் போகட்டும். அந்தக் குள்ளமான பெண் இரண்டாவது தடவையும் கரண்டியோடு காத்து நிற்கக்கூடாது.

ரோஸ்விதா எழுந்தாள். இடுப்பில் கட்டியிருந்த சமையல் துணியை அவிழ்த்து நாற்காலியில் போட்டாள். கூடத்துக்குப் போய் இரண்டு கையையும் தட்டினாள்.

"எல்லாரும் எந்திரிங்க."

கூடத்தில் மூச்சுச் சத்தம் நின்றது. ஒரு குழந்தை மட்டும் வெள்ளரிக்காய் கடித்தது. இந்த ஊரில், நட்சத்திரம் தொங்கும் வீட்டில், இந்த வார்த்தையை யாரும் கேட்டதில்லை.

"ரோஸ்விதா" என்றார் அலோயிஸ், அடிபட்ட குரலில். "என் கிளாஸ் இன்னும் பாதி இருக்கு."

"அதையும் எடுத்துக்கோ. யாரையும் நான் வெளிய அனுப்பல. நானும் வரேன். நம்ம வீட்டுல குடிச்சாச்சு. சாப்பாடு எங்க தங்கச்சி வீட்டுல."

எங்க தங்கச்சி. ஒன்பது வருடத்தில் முதல் தடவை. மார்லீஸ் தன் கணவன் கையைக் கிள்ளினாள்.

கிளாஸ்களைப் பிடித்துக்கொண்டு எல்லோரும் எழுந்தார்கள். பலகைகள் கிறீச்சிட்டன. அலோயிஸ் முதலில் சிரித்துக்கொண்டேதான் வாசலைத் தாண்டினார். தெருவுக்கு வந்து, முன்னால் ரோஸ்விதா தனியாக நடப்பதைப் பார்த்ததும் அவருடைய சிரிப்பு நின்றது. தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். கல்லறையிலிருந்து இறங்கிவந்த கூட்டத்தில் அன்று அவரும் இருந்தார். இப்போது கூட நடந்தவர்களில் பாதிப் பேரும் அன்று அந்தக் கூட்டத்தில் இருந்தவர்கள்தான். ஒவ்வொருவராகத் தொப்பிகள் இறங்கின. பிள்ளைகள்கூட எதற்கென்று தெரியாமல் சத்தத்தைக் குறைத்துக்கொண்டார்கள்.

தெருவின் நடுவில் ரோஸ்விதா ஒரு கணம் நின்றாள். அன்று எங்கே திரும்பினாளோ, அதே இடம். இம்கே அவள் முழங்கையைப் பிடித்தாள்.

"கால் வலிக்குதா அத்தை?"

"வாயை மூடிட்டு வா" என்றாள் ரோஸ்விதா, ஆனால் முழங்கையை விடுவித்துக்கொள்ளவில்லை.

ட்ரௌடி வாசலுக்கு வந்துவிட்டாள். தெருவையடைத்து வருகிற கூட்டத்தைப் பார்த்தாள். கரண்டி கையில் இருந்தது. அதைக் கீழே வைக்க அவளுக்குத் தோன்றவில்லை.

"எத்தனை பேரு?" என்றாள்.

"முப்பத்தேழு. எங்களையும் சேத்து" என்றாள் ரோஸ்விதா.

"ஆளக் கொண்டாந்து விட வந்தியா, சாப்பிட வந்தியா?"

"சாப்பிட." ரோஸ்விதா இன்னும் ஒரு அடி முன்னால் வைத்தாள். "அப்பா சாப்பாட்டுக்கு வந்திருக்கேன் ட்ரௌடி. அன்னிக்கே வந்திருக்கணும். நூத்திப் பத்து பேரையும் கூட்டிக்கிட்டு வந்திருக்கணும். நான் வரல. என்னை மன்னிச்சுடு."

ட்ரௌடியின் முகவாய் நடுங்கியது. பல்லைக் கடித்து அதை நிறுத்தினாள்.

"ஒன்பது வருஷம் லேட்டு" என்றாள். "சூப்பு ஆறிப்போச்சு."

"ஆறினாப் பரவால்ல. குடு."

ட்ரௌடி கதவை விட்டு விலகி நின்றாள்.

சூப் ஆறியிருக்கவில்லை. முதல் வாயிலேயே ரோஸ்விதாவுக்கு நாக்கு சுட்டுவிட்டது. கண்ணில் தண்ணீர் வந்தது அதனால்தான் என்று பக்கத்தில் இருந்தவர்களிடமெல்லாம் சொன்னாள். யாரும் மறுக்கவில்லை. அலோயிஸ் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு மூக்கைச் சிந்தினார்.

"மிளகு ஜாஸ்தி" என்றாள் ரோஸ்விதா.

"அப்பாவுக்கு அப்படித்தான் புடிக்கும்."

"எனக்குத் தெரியாதா? நாலு வருஷம் நான்தான் ஊட்டினேன்."

"ஊட்டினியே, மிளகு போட்டியா? நான் கொண்டாந்து குடுத்ததை எல்லாம் டாக்டர் சொன்னார்னு கொழகொழன்னு ஆக்கினே."

"டாக்டர் சொன்னார்."

"டாக்டருக்கு என்ன தெரியும்!"

கூடம் முழுவதும் காதைத் தீட்டிக்கொண்டு சாப்பிட்டது. சண்டைதான். ஆனால் ட்ரௌடி பேசிக்கொண்டே அக்காவின் கிண்ணத்தில் இரண்டாவது கரண்டியை ஊற்றினாள், அக்கா வேண்டாம் என்று சொல்லவில்லை. பொரித்த கெண்டை மீன் வந்தது. ஓட்மார் பீர் ஊற்றி ஊற்றிக் களைத்து வெண்டலினைக் கூப்பிட்டுக்கொண்டார். மார்லீஸின் சின்னவள் மேசைக்கடியில் ட்ரௌடியின் நாயோடு மீனைப் பங்கு போட்டுக்கொண்டிருந்தாள். இம்கே தட்டுகளைத் தூக்கிக்கொண்டு இரண்டு பலகைகளுக்கு நடுவே ஓடினாள். யாரும் அவளைச் செய்யச் சொல்லவில்லை, அவளும் யாரையும் கேட்கவில்லை.

சமையலறையில் தட்டைக் கொடுக்கும்போது மட்டும் மெதுவாகக் கேட்டாள்.

"சித்தி, எங்க முறை...?"

ட்ரௌடி மீனைத் திருப்பிப் போட்டாள். "உங்க அத்தை மன்னிப்புக் கேட்டது அப்பா விஷயத்துக்கு. நட்சத்திரம் வேற விஷயம். முறை தவறினது தவறினதுதான். ஞாயித்துக்கிழமை அஞ்சு வீடும் கூடும். அங்க சொல்றேன்."

"என்ன சொல்வீங்க?"

"ஞாயித்துக்கிழமை சொல்றேன்னு சொன்னேன்ல? அந்தச் சாவியச் சட்டைக்குள்ள போட்டுக்கோ. கண்ண உறுத்துது."

சாயங்காலம் வெளிச்சம் மங்கும்போது இம்கே தெருவைத் தாண்டி வந்தாள். தன் வீட்டு முன்கூடத்தில் ஒரு ஈ காக்கை இல்லை. மேசையில் பச்சையோரம் போட்ட முட்டைத் துண்டுகள் மட்டும் இருந்தன. இனியும் அந்த நட்சத்திரம் தொங்கும் ஒவ்வொரு நிமிடமும் குற்றத்தின் மேல் குற்றம் என்று அவளுக்குத் தோன்றியது. ஏணியைச் சாத்தி ஏறினாள். கொக்கியில் கை வைத்தாள்.

"ஏய், வடக்கத்தி!"

எதிர்வாசலில் ட்ரௌடி. இடுப்பில் ஒரு கை, இன்னொரு கையில் அதே கரண்டி.

"என்ன பண்றே?"

"எறக்கறேன் சித்தி!"

"உங்க அத்தை இன்னும் இங்கதான் சாப்பிட்டுட்டிருக்கா. மூணாவது கிண்ணம். உங்க வீட்டுக்கு வந்த கூட்டத்துல கடைசி ஆள் அவதான். கடைசி ஆள் எந்திரிக்கறதுக்கு முன்னாடி எறக்குவாங்களா?"

"அப்ப... தொங்கட்டுமா?"

"தொங்கட்டும். எவ்வளவு நேரம் தொங்குச்சுன்னு நாலு வீட்டுக்கும் ஞாயித்துக்கிழமை நானில்ல சொல்லணும்?"

"நல்லதுக்குச் சொல்வீங்களா, கெட்டதுக்கா?"

உள்ளேயிருந்து ரோஸ்விதாவின் குரல், தெருக்கோடி வரை கேட்கும் அந்தப் பழைய குரல், "ட்ரௌடி! மீன் கருகுது!" என்று கூப்பிட்டது.

"வரேன் அக்கா!" என்று கத்திக்கொண்டு அவள் உள்ளே ஓடினாள்.

இம்கே கொக்கியிலிருந்து கையை எடுத்தாள். விரலில் ஒன்றும் ஒட்டவில்லை. பெயிண்ட் நன்றாகக் காய்ந்திருந்தது.